பதினோராம் குறிப்பு வரை

“தொடாதே!”

அவர் போட்ட சத்தத்தில் மச்சினி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேஜையின் மறுமுனையைப் பிடித்திருந்த மகளும் அப்படியே நின்றுவிட்டாள். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நேற்று மாலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு சுவரோரமாகக் கிடந்த மனிதர், தானாக வாயைத் திறந்தது இதற்குத்தான்.

“மேஜை வேணும் அத்தான்,” என்றாள் மச்சினி, குரலை இறக்கி. “வர்றவங்களுக்கு ஒரு டம்ளர் காபி வைக்க இடமில்லை. இதைப் பின்னாடி ரூம்ல வெச்சிடலாம்னு பாத்தோம்.”

“இருக்கற மாதிரியே இருக்கட்டும். நான் பாக்கணும்.”

“என்ன பாக்கணும்?”

மேஜை மேல் ஒரு பூப்போட்ட போர்வை. அதற்கடியில் மோட்டார் சைக்கிள் எஞ்சின். அடுத்த அறையில் இன்னொரு போர்வை. அதற்கடியில் அவர் மனைவி. நேற்று ஏழரை மணிக்கு எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்தார். அலமாரியில் கைக்குக் கிடைத்த இரண்டு போர்வைகளை எடுத்து இரண்டையும் மூடியது அந்த எதிர்வீட்டுக்காரர்தான்.

மகள் சித்தியைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினாள். விடு, இப்போது அவரிடம் எதுவும் பேசாதே என்பதாக. காபி டம்ளர்கள் ஜன்னல் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்தன.

அந்த மோட்டார் சைக்கிளுக்குக் கணவன் மனைவி இருவரையும் விட வயது அதிகம். மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டுக் கொல்லையில் கிடந்தது. அதன் சீட்டில் கோழிகள் படுத்துத் தூங்கும், பெட்ரோல் டாங்கியின் மேல் ஏறிக் கூவும். தையல் மெஷின் பழுது பார்க்கிற வேலையில் முப்பத்திரண்டு வருஷம் கழித்துவிட்டு, வீட்டில் கைகட்டி உட்கார முடியாமல் தவித்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் அதைப் பார்த்தாள். “உங்க கோழிக்கு வேற வீடு பாத்துக்குங்க, இதை நான் எடுத்துக்கறேன்,” என்று சொல்லி அன்றைக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஸ்டார்ட் ஆகட்டும், உங்களைப் பின்னாடி உக்கார வெச்சு ஊரெல்லாம் சுத்திக் காட்டறேன்,” என்றாள். அவர் முறைத்தார். அவள் அசரவில்லை. ஒரு மாதத்தில் வண்டி அக்குவேறு ஆணிவேறாகப் பிரிந்து, எஞ்சின் சாப்பாட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தது. அதன் பிறகு அவர்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள்.

அவருடைய தொழில் வாசிப்பது. அச்சகத்தில் ஒருவர் அச்சான தாளை வைத்துக்கொண்டு பிழை பார்ப்பார்; எதிரே உட்கார்ந்து மூலத்தைச் சத்தமாகப் படிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இவர். வரிக்குக் கீழே விரல், விரலிலிருந்து கண் எடுக்கக் கூடாது. நிமிர்ந்தால் வரி தவறும். வரி தவறினால் புத்தகமே தவறும். எதிரே இருப்பவர் ‘ம்’ என்பார், இவர் அடுத்த வரிக்குப் போவார். சில நாள் காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை எதிரே இருப்பவரின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். வீட்டில் அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வந்தது இதனால்தான்.

எஞ்சின் கோக்கிற விதத்தை ஒரு பழைய புத்தகத்திலிருந்து பார்த்து, நம்பர் போட்டு, இருநூறு பக்க நோட்டு ஒன்றில் மணிமணியாக எழுதி வைத்ததும் அவர்தான். தினமும் ஆறரை மணிக்குக் காபி முடிந்ததும் அவள் மேஜைக்கு அந்தப் பக்கம் முக்காலியில் உட்காருவாள். கையெல்லாம் கிரீஸ், பக்கம் புரட்ட முடியாது. “ரேடியோவைப் போடுங்க,” என்பாள். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பிப்பார். அந்தக் கண்ணாடிக்கு ஒரு முழத்துக்கு அப்பால் உலகமே மூட்டம்தான்; எஞ்சின் எந்த அளவில் நிற்கிறது என்று அவர் நிமிர்ந்து பார்ப்பதும் இல்லை.

நேற்றும் அப்படித்தான்.

ஆறாவது: எஞ்சின் கீழ்ப்பாகத்தின் வாயில் சுத்தமான துணியை அடைக்கவும், எதுவும் உள்ளே விழாமலிருக்க. ‘ம்.’ ஏழாவது: பின்னுக்கு எண்ணெய் தடவிப் பிஸ்டனை ராடில் பொருத்தவும். ‘ம்.’ நட்டு முடுக்கும் ராட்செட் பிடியின் ‘கிரிக் கிரிக்’ சத்தம்கூடக் கேட்டது. எட்டாவது: பின்னின் இரு பக்கமும் லாக் வளையத்தைப் பள்ளத்தில் உட்கார வைத்து, விரலால் தடவிப் பார்க்கவும்.

அதற்கு ‘ம்’ வந்ததா?

பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள். அந்த இரைச்சலில் அவளுடைய ‘ம்’ அமுங்கியிருக்கும் என்று எண்ணியது நினைவிருக்கிறது. ஒரு நிமிஷம் போலப் பொறுத்து ஒன்பதாவதைப் படித்தார். நுணுக்கமான வேலையாக இருந்தால் அவள் ‘ம்’ போட மறந்துவிடுவதும் உண்டு. பொறுத்து, பத்தாவதைப் படித்தார்: பிஸ்டன் வளையங்களை அழுத்திப் பிடித்துச் சிலிண்டரை மெல்ல இறக்கவும். இது நேரம் எடுக்கிற வேலை என்று அதிகமாகவே பொறுத்தார். மோட்டார் நின்றது. பதினொன்று: முழுவதும் இறக்கும் முன் ஆறில் வைத்த துணியை எடுக்க மறக்க வேண்டாம்.

“துணியை எடுத்துட்டியா?” என்று கேட்டார். அது நோட்டில் இல்லாத வாக்கியம். அதனால்தான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார்.

அவள் சுவரில் தலை சாய்த்திருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. ராட்செட் மடியில் கிடந்தது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இதயம் என்றார். “எத்தனை மணி இருக்கும்?” “ஏழு... ஏழேகால்.” “மயங்கினதும் பாத்துட்டீங்களா?” “பக்கத்துலதான் இருந்தேன்.” டாக்டர் ஏழேகால் என்று எழுதிக்கொண்டார். வெளியூரிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கிய மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதும் அதையேதான். “நீங்க பக்கத்துலதானேப்பா இருந்தீங்க? அம்மா தனியா போகலையே. எனக்கு அது போதும்.” வந்தவர்களிடமெல்லாம் அவள் அதைச் சொன்னாள். அப்பா பக்கத்துலயே இருந்தாங்க, கண் மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுடுச்சு. ஒவ்வொரு முறை அவள் சொல்லும்போதும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எட்டிலேயே போய்விட்டாள் என்றால், இறந்துபோன மனைவிக்கு அவர் மூன்று குறிப்புகள் படித்திருக்கிறார். ஐந்தாறு நிமிஷம். அந்த ஐந்தாறு நிமிஷத்தில் தெருமுனை டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம், நெஞ்சில் அழுத்தியிருக்கலாம், ஒன்றுமில்லாவிட்டால் கையையாவது பிடித்திருக்கலாம். பத்து முடித்துப் போனாள் என்றால் அது வேறு. மகள் சொல்வது பொய்யில்லை என்றாகும். ராத்திரி முழுக்க அவர் காதுக்குள் அந்த ‘ம்’களை எண்ணிப் பார்த்தார். எண்ண எண்ண, வராத ‘ம்’மும் வந்தது போல இருந்தது. காதை நம்ப முடியாது. முப்பது வருஷப் பழக்கத்தில் அது தானாகவே ‘ம்’ போட்டுக்கொள்ளும்.

ஆனால் எஞ்சின் பொய் சொல்லாது. லாக் வளையம் உட்கார்ந்திருந்தால் எட்டு முடிந்தது. சிலிண்டர் இறங்கியிருந்தால் பத்து முடிந்தது. போர்வையைத் தூக்கினால் தெரிந்துவிடும். காலையிலிருந்து நாலு தடவை மேஜை வரை போனார். நாலு தடவையும் போர்வையின் நுனியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார். பயம். வேறொன்றுமில்லை, வெறும் பயம்.

மணி மூன்றுக்கு லேத் பட்டறைக்காரர் வந்தார். சிலிண்டரைக் கடைந்து கொடுத்தவர் அவர்தான். கை கழுவிவிட்டுத்தான் வந்திருந்தார், ஆனாலும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து மேஜையருகே நின்றார்.

“நம்பவே முடியலை சார். நேத்து மூணு மணிக்குத்தான் அக்கா போன் பண்ணாங்க. ‘தம்பி, உன் கையைக் கொண்டா, கண்ணுல ஒத்திக்கறேன், சிலிண்டர் வழுக்கிட்டு இறங்குச்சு, ஹெட்டையும் மாட்டிட்டேன்’னு அப்படி ஒரு சந்தோஷம்.”

அவர் நிமிர்ந்தார். “என்ன மாட்டினா?”

“ஹெட்டு சார். மேல் மூடி.”

“ஹெட் பன்னிரண்டாவது. நான் பதினொண்ணு வரைக்கும்தான் படிச்சேன். அதுவும் சாயங்காலம்.”

பட்டறைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க சார். நீங்க தூங்கிட்டு இருந்தீங்களாம். ‘முடிச்சுட்டேன்னு சொன்னா மனுஷன் மூஞ்சி தொங்கிப் போயிடும். சாயங்காலம் நோட்டைத் தூக்கிட்டு வருவாரு, உக்காந்து ம் போடப் போறேன்’னு சிரிச்சாங்க.”

“எப்பவுமே இப்படித்தானா?”

பட்டறைக்காரர் நகக்கண்ணைச் சுரண்டினார்.

அவரே போர்வையை எடுத்தார். இதற்கா ராத்திரியெல்லாம் பயந்தோம் என்று இருந்தது. எஞ்சின் முழுசாக நின்றது. சிலிண்டர் இறங்கி, ஹெட் உட்கார்ந்து, நான்கு நட்டுகளும் இறுகி, எண்ணெய்க் கறையில்லாமல் துடைத்து. பக்கத்தில் ராட்செட் கிடந்தது. யாரோ அவள் மடியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார்கள். கையில் எடுத்துத் திருப்பினார். கிரிக் கிரிக். அதன் நுனியில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. வெறும் காற்றில் திருப்பியிருக்கிறாள், அவருக்குச் சத்தம் கேட்க வேண்டுமே என்று.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருட்டுக் கழுதை என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். கூடத்தில் இருந்தவர்கள் பயந்துபோனார்கள். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நேற்றிலிருந்து அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. எட்டா, ஒன்பதா, பத்தா என்று இனி எதுவும் அவருக்குச் சொல்லாது. எஞ்சினும் வாயை மூடிக்கொண்டுவிட்டது.

பட்டறைக்காரரின் கண் வேலையின் மேல் போனது. “இது ஒண்ணு விட்டுப்போச்சே சார்,” என்று ஹெட்டின் பக்கவாட்டில் ஒரு துவாரத்தைக் காட்டினார். “பிளக் மாட்டற ஓட்டை. திறந்து வெச்சா தூசி விழும். அக்கா இப்படி விடற ஆளில்லையே.”

அவர் நோட்டை எடுத்துப் பார்த்தார். பதினான்காவது, நேற்றைய பாடத்தின் கடைசிக் குறிப்பு, அந்த ஓட்டையைத் துணியால் மூடுவதுதான். மேஜை ஓரத்தில், நாலாக மடித்த புதுத்துணி ஒன்று தயாராக இருந்தது. அவர் படித்த பிறகு செய்வதற்கென்று ஒன்றை அவள் மிச்சம் வைத்திருந்தாள்.

“அப்பா.” மகள் வந்து நின்றாள். “நாலு மணி ஆகப்போவுது. வண்டி வந்தாச்சு. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க.”

“உக்காரு.”

“அப்பா, வண்டி...”

“மூணே வரிதாம்மா. உக்காரு.” அவர் முக்காலியைக் காட்டினார். “நான் பக்கத்துலதான் இருந்தேன். ஆனா பாக்கலை. நோட்டைப் பாத்துப் படிச்சுக்கிட்டே இருந்தேன். உங்கம்மா எத்தனாவதுல போனான்னு எனக்குத் தெரியாது. நீ எல்லார்கிட்டயும் சொல்றியே, அது நிஜமில்லை.”

மகள் அவரையே பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ கலைந்து, திரும்பக் கூடிவந்தது. பட்டறைக்காரர் மெல்ல வெளியே நழுவினார். அவள் மேஜையைச் சுற்றிப் போய் முக்காலியில் உட்கார்ந்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விரலை வரிக்குக் கீழே வைத்தார்.

“பன்னிரண்டு. ஹெட்டை வைத்து, நான்கு நட்டுகளையும் குறுக்கு மூலையாகச் சிறிது சிறிதாக இறுக்கவும்.”

விரல் வரியிலேயே இருக்க, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவளைப் பார்த்தார். மகள் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தாள்.

“பதின்மூன்று. சக்கரத்தைக் கையால் சுற்றி, பிஸ்டன் தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா என்று பார்க்கவும்.”

மறுபடி கண்ணாடி ஏறியது. எது சக்கரம் என்று மகளுக்குத் தெரியவில்லை. அவர் எட்டிக் காட்டினார். அவள் இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினாள். உள்ளே எண்ணெய் சலசலக்க, பிளக் துவாரத்திலிருந்து காற்று அவள் மணிக்கட்டில் பட்டது. அவள் கையை எடுக்கவில்லை.

வாசலில் வண்டிக்காரர் ஒரு முறை ஹாரன் அடித்தார். யாரோ அவரை அதட்டுவது கேட்டது.

“பதினான்கு. பிளக் துவாரத்தைச் சுத்தமான துணியால் மூடி வைக்கவும்.”

இந்த முறை கண்ணாடியைக் கழற்றி நோட்டின் மேல் வைத்துவிட்டார். வரி எங்கேயோ போனது. மகள் அந்தத் துணியை எடுத்தாள், முனையைத் திரித்துத் துவாரத்தில் வைத்தாள், கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அழுத்தினாள். அவள் அழுத்தி முடிக்கும்வரை அவர் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.