அண்ணன் வைத்துவிட்டுப் போன வரி

காலையிலிருந்து நான்காவது முறையாகக் கணினி இயங்காமல் சாய்ந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அதற்கு நேற்று மாலைதான் கெர்னல் என்கிற அடிப்படை மென்பொருளைப் புதிதாக ஏற்றியிருந்தாள் கணினிக்காரி. அப்போது பிடித்த சனி.

கணினியில் பதிந்தால்தான் ரத்தம் எடுக்க முடியும். வெளியே பெஞ்சில் பதினாறு பேர் வெறும் வயிற்றோடு காத்திருந்தார்கள்.

"என்னம்மா, உன் பொட்டியும் விரதமா?" ஊசியும் கையுமாக நின்ற லேப் அக்கா கேட்டாள்.

"மெமரி போயிருக்கும்க்கா. மாத்திப் பாக்கறேன்."

மாற்றினாள். சாய்ந்தது. கேபிளை மாற்றினாள். அதற்கும் சாய்ந்தது.

காரணம் முதல் தடவையே திரையில் வந்துவிட்டது. பரிசோதனை இயந்திரத்தைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் என்கிற நிரல். எழுதியவன் அவள் அண்ணன். அவளுக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவன். வேலையை அவளிடம் ஒப்படைத்த அன்று, டிரைவருக்குள் ஒரு வரியைச் செருகிவிட்டுப் போனான். கணினி எழும்போதெல்லாம் திரையில் அது ஓடும்:

"குரங்கே, சாப்பிட்டியா?"

"இல்லடா தடியா" என்று தினமும் முணுமுணுப்பாள். அவன் விபத்தில் போய் எட்டு மாதமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை.

புதுக் கெர்னலிலேயே அந்த இயந்திரத்துக்கு வேறு டிரைவர் இருந்தது. இரண்டும் ஒன்றையே பிடித்து இழுத்ததில்தான் கணினி சாய்ந்தது. பழைய கெர்னலுக்குத் திரும்பவும் வழியில்லை. பாதுகாப்பு ஓட்டை என்று தலைமை அலுவலகம் சொன்னதால், நேற்று அவளே அதை அழித்திருந்தாள்.

லேப் அக்கா மறுபடி வந்தாள். குரலில் கேலி இல்லை.

"அங்க ஒரு பெரியவருக்குத் தலை சுத்துதாம். நெஜமாவே என்னன்னு தெரியலையா உனக்கு?"

கணினிக்காரி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்க்கா. பத்து நிமிஷம்."

பத்து நிமிஷம் தேவைப்படவில்லை. அண்ணனின் டிரைவரை நீக்க ஒரே கட்டளை போதும். அடித்தாள். கணினி எழுந்தது. வரிகள் மளமளவென்று ஓடின. அந்த வரி வரவேண்டிய இடத்தில் வேறொரு வரி வந்து போனது. கணினி சாயவில்லை.

வெளியே முதல் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அண்ணனின் வரியை மட்டும் தனியாக ஓடவைக்கலாமே என்று தோன்றியது. பெரிய வித்தையில்லை. "குரங்கே" வரை அடித்தாள். கை நின்றது. அடிப்பது அவள்தானே. சாப்பிட்டியா என்று கேட்பது அவன் இல்லையே.

ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.