நிறங்கள் குடிபோன வீடு

அந்த வீட்டைவிட்டு முதலில் போன நிறம் சிவப்பு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சமையலறைத் தக்காளி, பிளாஸ்டிக் வாளி, சுடுதண்ணீர்க் குழாயின் புள்ளி என்று எல்லாவற்றிலிருந்தும் ஒரே நேரத்தில் போயிற்று. அன்றைக்கு வெங்காய விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. வீட்டில் இரண்டே பேர்: துணி தைத்துக் கொடுக்கும் அக்கா, மருந்துக் கிடங்கு ஒன்றின் கணினிப் புரோகிராமைப் பார்த்துக்கொள்ளும் தம்பி.

"டேய், என் சிவப்பு நூல்கண்டு எங்க?"

"உன் கையிலதானே இருக்கு."

"இருக்கு. சிவப்பாத்தான் இல்ல."

தம்பி நூல்கண்டைப் பார்த்தான், பிறகு கணினியைப் பார்த்தான். காரணம் அவன் முன்னால் மேசையில் திறந்திருந்தது. கிடங்கின் இருப்பும் விற்பனையும் அவன் இளவயதில் எழுதிய புரோகிராமில்தான் ஓடிக்கொண்டிருந்தன. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மவுசுக்கு வேலையே கிடையாது. குமாஸ்தாக்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. புதிதாக வந்த மேனேஜருக்குத்தான் கண்ணை உறுத்திற்று. "என்ன சார், கிணத்துக்குள்ள எட்டிப் பாக்குற மாதிரி இருக்கு? பட்டன், படம், கலர் ஒண்ணும் காணோம். ரெண்டு மாசத்துல மாத்துங்க, இல்லேன்னா வெளிய வாங்கிடுறோம்" என்றார். வெளியே வாங்கினால் புரோகிராமோடு சேர்த்து அவனுக்கும் சீட்டு கிழிந்துவிடும். பழைய புரோகிராமைத் தொடாமல் அதன்மேல் புதுத் திரை வரைந்து தரும் கருவிகள் இருக்கத்தான் செய்தன. நல்லவை யானை விலை, குதிரை விலை. மலிவானவற்றில் ஒன்று மருந்தின் பெயரைப் பாதியில் வெட்டியது, இன்னொன்று மாத்திரை எண்ணிக்கை வரவேண்டிய இடத்தில் தேதியைப் போட்டது. கடைசியில் அகப்பட்டது யார் செய்தது என்றே தெரியாத ஒன்று. ஒரு சட்டைத் துணியின் விலைதான். கட்டங்களையும் பட்டன்களையும் அது கச்சிதமாக அடுக்கித் தந்தது. அதனிடம் சொந்தமாக நிறம் மட்டும் கிடையாது. ரத்து பட்டனுக்குச் சிவப்பு கேட்டான், உடனே கிடைத்தது. எங்கிருந்து கிடைத்தது என்பதை அக்காவின் நூல்கண்டு சொல்லிவிட்டது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எச்சரிக்கைக்கு மஞ்சள் வேண்டியிருந்தது, தலைப்புக்கு நீலம், இப்படி ஒவ்வொன்றாக மற்றவையும். தெரிந்தே எடுத்தான், எடுத்தபின் அக்காவின் முகத்தைப் பார்க்கக் கூசினான். வெளியிலிருந்து வரும் துணியும் வாசல் தாண்டியதும் சாம்பலாகிவிடும், தெருவுக்குத் திரும்பினால் பழையபடி நிறம் வந்துவிடும். அதனால் துணி கொடுத்தவர்களுக்கு நஷ்டமில்லை. அக்காவுக்குத்தான் நூல் பொருத்த முடியவில்லை. நீலச் சட்டைக்கு ஆரஞ்சு நூல் ஓட்டி வாங்கிக் கட்டிக்கொண்டாள். பச்சை மட்டும் வீட்டில் மிஞ்சியது. ஆயுசுக்கும் பார்த்துச் சலித்த நிறம் என்று தம்பி அதைச் சீண்டவில்லை. அக்கா பச்சைத் துணிகளை மட்டும் வாங்கித் தைத்துக் காலத்தை ஓட்டினாள்.

மேனேஜருக்குப் புதுத் திரை பிடித்துவிட்டது. "பிரமாதம் சார். ஓகே பட்டன் மட்டும் பச்சையா வெச்சிடுங்க. எல்லா இடத்துலயும் அப்படித்தானே?"

வீட்டில் வந்து சொன்னான். அக்கா மெஷினை நிறுத்தவில்லை.

"எடுத்துக்கோ. உன் வேலை போயிட்டா இதைப் பாத்துக்கிட்டே பசியாறிடுவோமா?"

கையில் இருந்த பாவாடையை முடிக்கும்வரை மட்டும் பொறுக்கச் சொன்னாள். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். இருவருக்குமே அழுகை வந்தது, யாரும் அழவில்லை.

மூன்று வருஷம் வேலை நிலைத்தது. பிறகு கிடங்கைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கிற்று. அவர்களிடம் சொந்தப் புரோகிராம் இருந்தது. அவனுடைய திரைகளை ஒரே மதியத்தில் அழித்துவிட்டு அவனுக்கும் விடை கொடுத்தார்கள். நிறங்கள் திரும்பி வரும் என்று இருவரும் ஒரு வாரம் ஜன்னல்களைத் திறந்துபோட்டுக் காத்திருந்தார்கள். வரவில்லை. வீட்டுக்காரர் வந்து பார்த்தார், இனி பெயிண்ட் செலவு மிச்சம் என்றார், வாடகையைக் குறைக்கவில்லை.

மெஷினைத் தெருவில் போட இடமில்லை, வண்டிகள் நிற்கும். ஆகவே இப்போது தம்பிதான் துணியையும் நூல்கண்டுகளையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நிற்கிறான். மழை நாளில் குடையோடு. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "இது மிளகாய்ச் சிவப்பு இல்லக்கா, மாதுளைச் சிவப்பு. இந்த நூல் சரியா வரும்" என்று உள்ளே குரல் கொடுப்பான். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டு சாம்பலில் சாம்பலைத் தைப்பாள். தெருவில் போகிறவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள்.