சதுர அடைப்புக்குறி

அழகிரி என்னிடம் கேட்டது ஒரே ஒரு ஆண்டு. ஜீயபுரத்தில் அவருடைய வாழைக்குத் தண்ணீர் கொண்டுவரும் சின்னாண்டி வாய்க்கால் எந்த ஆண்டு வெட்டப்பட்டது? அது வாய்க்காலே இல்லை, மழைத்தண்ணீர் ஓடிய பள்ளம் என்று சொல்லி, மனை போடுகிறவர்கள் பாதியை மூடிவிட்டார்கள். பழைய வாய்க்கால் என்று நிரூபித்தால்தான் மீதி பிழைக்கும்.

ஸ்ரீரங்கத்தில் நான் நூலகராக இருக்கும் சின்ன நூலகத்துக்குப் போன மாதம் அவர் வந்தார். இணையத்தில் தேடினேன். எல்லோரும் சேர்ந்து எழுதுகிற கலைக்களஞ்சியத் தளத்தில், ஜீயபுரம் பக்கத்தில் இருந்தது: 1911இல் வெட்டப்பட்டது. ஒரு நாளிதழ்க் கட்டுரையும் அதையே சொன்னது. இரண்டையும் அச்செடுத்துக் கொடுத்தேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நேற்று அவரிடமிருந்து போன் வந்தது.

"யமுனா மேடம், அந்த வருஷம் எந்தப் பழைய ரெக்கார்டுல இருக்குன்னு தாலுகா ஆபீஸ் விசாரணையில கேக்குறாங்க. திங்கக்கிழமை காட்டணுமாம். நீங்கதான் எடுத்துத் தரணுங்க."

"நாளைக்குச் சாயங்காலம் வாங்க, எடுத்து வைக்கிறேன்" என்றேன். வாய் சும்மா இருந்ததா?

இன்று காலை ஒன்பது மணியிலிருந்து தேடினேன். மேற்கோள் குறி போட்டு, ஆண்டு வரம்பு போட்டு, சின்னாண்டியை ஆங்கிலத்தில் ஆறு விதமாக எழுதி, எல்லா வழியிலும் தேடினேன். பழைய மாவட்டக் கையேடுகளின் மின்படிகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். வரைபடங்களைக் கண் எரியும்வரை பெரிதாக்கிப் பார்த்தேன். எதிலும் அந்தப் பெயரே இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

கடைசியில் கட்டுரை எழுதிய நிருபரின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். "அது நெட்லயே இருந்துச்சேங்க, அதுலேருந்துதான் எடுத்தேன்" என்றார். கலைக்களஞ்சியத்தில் ஆதாரம் என்று போட்டிருந்ததோ, அவருடைய கட்டுரை. ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டு நின்றன.

அந்தத் தளத்தில் யார், எந்த நாளில், எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் வரலாறு என்ற பகுதியில் பதிவாகியிருக்கும். ஒவ்வொன்றாகப் பின்னால் போனேன். ஆறு வருடத்துக்கு முன்னால், முதலில் அந்த வரியைச் சேர்த்தவர் பெயர் தேவதர்ஷினிஅம்மா.

தேவதர்ஷினி என் மகள். அந்தப் பெயரில் கணக்குத் தொடங்கியது நான்.

அந்த வருடம் திருச்சியில், அந்தத் தளத்தில் எழுத நூலகர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. மத்தியானத்துக்குள் ஆளுக்குப் பத்து ஊர்களைப் பற்றி ஏதாவது சேர்க்கச் சொன்னார்கள். ஜீயபுரம் வழியாகப் பஸ் போகிற ஊர்களை எடுத்துக்கொண்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் யாரோ "ஒரு 1911 இருக்கும்" என்றார். நான் [1911?] என்று போட்டேன். ஆண்டு அச்சிடாத புத்தகம் வந்தால் உத்தேச ஆண்டைச் சதுர அடைப்புக்குறிக்குள், கேள்விக்குறியோடு எழுதுவது எங்கள் தொழில் வழக்கம். உறுதியில்லை என்று அதற்கு அர்த்தம். நூலகரல்லாத யாருக்கு அது தெரியும்? அடுத்த வாரமே ஒரு புண்ணியவான் 'தேவையற்ற குறிகள் நீக்கம்' என்று குறிப்பு எழுதி அடைப்பையும் கேள்விக்குறியையும் எடுத்திருக்கிறார். அவரைத் திட்ட வாய் வரவில்லை. உத்தேசத்தை அங்கே எழுதியது நான்தானே.

சாயங்காலம் அழகிரி ஒரு சீப்பு பூவன் பழத்தோடு வந்தார். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு கணம் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலை.

"அப்ப அது நீங்களா போட்ட வருஷமாங்க?"

"ஆமாங்க."

"ஊர்ல ஒருத்தருக்கும் தெரியலைன்னுதானங்க உங்ககிட்ட வந்தேன்."

நான் கொடுத்த தாளைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்தார். பேனாவை எடுத்து 1911ஐச் சுற்றி அடைப்புக்குறி போட்டேன், பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதக் காட்டுனா வாய்க்கால் நிக்குமாங்க?"

"நிக்காதுங்க."

தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பழத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். "உங்களுக்குன்னு வெட்டுனதுங்க" என்று மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.