சொந்த மைதானத்தில் ஒரு பெனால்டி

எங்கள் மாலைக் கல்லூரி உதைபந்து அணி வெளியூரில் வெல்லும், சொந்த ஊரான சுவிஸின் பேர்ணில் தோற்கும். 2016 வசந்தத்தில் அது கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் நிலைக்கு வந்தபோது, காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நான் விளையாடுவதில்லை. மைதானத்தை முன்பதிவு செய்வது, சட்டைகளைத் தோய்ப்பது, வட்ஸ்அப்பில் எல்லோரையும் தொல்லைப்படுத்தி வரவழைப்பது ஆகியவைதான் என் பொறுப்பு. பயிற்றுநர் மார்க்குஸ் என்னை 'ஊக்கத்துக்குப் பொறுப்பான டிலக்ஷி' என்பார். அது பாராட்டா பகிடியா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

கீழே இறங்கினால் எங்களுக்கு மைதானம் கிடையாது என்று கல்லூரி அறிவித்திருந்தது. மைதானம் போனால் அணியும் போய்விடும். அணி போனால், என்னோடு படிக்கும் கோபிசன் வகுப்பைவிட்டு நின்றுவிடுவான். அதை அவனே ஒருநாள் ட்ராமில் சொன்னான். பகல் முழுக்க உணவகத்தில் வெங்காயம் வெட்டிவிட்டு வந்து இருபடிச் சமன்பாடு போடுவதற்கு அவனிடம் இருந்த ஒரே காரணம் உதைபந்து. எங்கள் கோல்களில் பாதிக்கு மேல் அவன் அடித்தவை.

சொந்த மைதானத்தில் அணிகள் ஏன் அதிகம் வெல்கின்றன என்பதுதான் விளையாட்டுப் பாடத்தில் என் ஆய்வுத் தலைப்பாகவும் இருந்தது. வாசித்தவற்றில் பெரும்பாலானவை பார்வையாளர்களையே காரணமாகக் காட்டின. எங்கள் மைதானம் பஸ் கடைசியாக நிற்கும் இடத்தில் இருக்கிறது, அங்கே எவரும் வருவதில்லை. இன்னொரு காரணமும் தோன்றியது. வெளியூர் ஆட்டங்களுக்கு எல்லோரும் ஒரே ரயிலில் போகிறோம், ஒருவரை ஒருவர் நக்கலடித்துக்கொண்டு, ஒரே சிப்ஸ் பையில் கைவிட்டுக்கொண்டு. பேர்ணிலோ ஒவ்வொருவரும் வேலை முடிந்து தனித்தனியாக, விசில் ஊதும் நேரத்தில் ஓடிவருகிறார்கள். இதை எழுதிவிட்டுப் பின்பு அழித்துவிட்டேன். எந்தக் கட்டுரையிலும் இதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆகவே கடைசி ஆட்டத்துக்குப் பார்வையாளர்களைச் சேர்த்தேன். சூரிச் அணியை நாங்கள் கட்டாயம் வெல்லவேண்டும், சமநிலை போதாது. கோயில் குழுவிலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழுவிலும் செய்தி போட்டேன். கோபிசனின் அப்பா யோகராஜா மாமாவை நேரில் போய்க் கேட்டேன். மகனின் ஆட்டத்தை அவர் ஒருமுறையும் பார்த்ததில்லை. பந்துக்குப் பின்னால் ஓடி ஆர் முன்னேறினது என்று கேட்டாலும், வருவதாக ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை நாற்பது பேராவது வந்திருப்பார்கள். கோயில் குழுவின் கலாவதி மாமி ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்திருந்தார். முதல் பாதியில் கோபிசன் ஒரு கோல் அடித்தான். யோகராஜா மாமா கையை உயர்த்தியதை நான் பார்த்தேன், கோபிசனும் பார்த்தான். என் ஆய்வு சரிதான் என்று கொஞ்ச நேரம் நம்பினேன்.

இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறின. சூரிச் அணியின் கோல் காப்பாளன் எங்கள் பார்வையாளர்களுக்கு முன்னால் வந்து நின்றான். சுவிஸில் எங்களில் பலருக்கு அப்பாவின் பெயரே குடும்பப் பெயர், சட்டையின் முதுகில் எழுதுவதும் அதைத்தான். அவன் முதுகில் கனகரத்தினம் என்றிருந்தது. யோகராஜா மாமா அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, வலைக்குக் கிட்டப் போனார்.

"தம்பி, நீர் எந்தக் கனகரத்தினத்தின்ர மகன்? வேலணையோ?"

அவன் பந்திலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னான். "ஓம் மாமா. அப்பா வேலணைதான்."

அவ்வளவுதான். கனகரத்தினமும் யோகராஜா மாமாவும் சுவிஸ் அகதி முகாமில் ஒரே அடுக்குக் கட்டிலில் மேலும் கீழுமாகப் படுத்தவர்கள். பிறகு ஒருவர் சூரிச்சுக்கும் மற்றவர் பேர்ணுக்கும் அனுப்பப்பட்டு, தொடர்பு விட்டுப்போயிருந்தது. மாமா மற்றவர்களைக் கூப்பிட்டார். கூட்டத்தில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்தின் வேலணை ஊரவர். எவர் எவருக்கு என்ன முறை என்று அங்கேயே கதைத்து முடித்தார்கள். கலாவதி மாமி வலையின் ஓரத்தால் அவனுக்கு ரோல்ஸ் நீட்டினார். லக்ஷ்மணன் என்ற அவன் பெயர் கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் வீரன் அடித்த பந்தை அவன் பாய்ந்து பிடித்தபோது, என் பார்வையாளர்கள் கைதட்டினார்கள்.

நான் போய்ச் சொன்னேன். மாமா, அவர் மற்ற அணி.

"தெரியும் பிள்ளை. ஆனா அவனும் எங்கட பெடியன்தானே. பாவம், தனிய வந்து நிக்கிறான்."

சூரிச் ஒரு கோலைத் திருப்பி அடித்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. கோபிசன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் வந்தான். அவன் முதுகில் யோகராஜா என்றிருந்தது. எல்லோரும் அமைதியாக இருந்த அந்த நேரத்தில் மாமா லக்ஷ்மணனுக்குக் குரல் கொடுத்தார், சிரித்துக்கொண்டே.

"விடாதை தம்பி. அவன் எப்பவும் இடப்பக்கம்தான் அடிப்பான்."

முற்றத்தில் அவன் சின்னவனாக அடித்ததைப் பார்த்த ஞாபகமாக இருக்கவேண்டும். கோபிசன் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தான். பிறகு ஓடிவந்து வலப்பக்கம் அடித்தான். பந்து கம்பத்துக்கு வெளியே போய் வேலியில் மோதியது.

ஆட்டம் சமநிலையில் முடிந்தது. யோகராஜா மாமா லக்ஷ்மணனின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்தார். கோபிசனையும் கூப்பிட்டு நிறுத்தினார். சிரியடா என்றார். அவன் சிரித்தான். அந்தப் படம் அன்றே கோயில் குழுவில் வந்தது, எழுபது பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

திங்கள் மாலை கணித வகுப்பில் கோபிசனின் கதிரை வெறுமையாக இருந்தது. என்னடா என்று செய்தி அனுப்பினேன். நாளைக்குச் சாவியைக் கொண்டுவந்து தாறன், இனி மாலையிலும் வேலை எடுத்திட்டன் என்று பதில் வந்தது. பந்துகள் வைக்கும் அறையின் சாவி அவனிடம்தான் இருந்தது.

இடைவேளையில் என் தொலைபேசி அடித்தது. யோகராஜா மாமா. நல்ல சந்தோஷத்தில் இருந்தார். கனகரத்தினத்துடன் ஞாயிறு முழுக்கக் கதைத்தாராம்.

"பிள்ளை, அடுத்த மேட்ச் எப்ப? கனகுவும் வாறானாம். ரெண்டு பேரும் வந்து பாப்பம் எண்டிருக்கிறம்."

இனி மேட்ச் இல்லை மாமா என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை.

"சரி, கோபிசன் பக்கத்திலை நிக்கிறானோ? போனை அவனிட்டைக் குடும், கேப்பம்."

ஓம் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறவள்.

"அவன் வரேல்லை மாமா. வகுப்பை விட்டிட்டான். நீங்கள் விடாதை எண்டு சொன்னது அவனுக்குக் கேட்டது."

மறுபக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

"நான் பகிடிக்கெல்லோ சொன்னனான்" என்றார். பிறகு, "இப்ப எங்கை வேலை செய்யிறான்?" என்று கேட்டார்.

உணவகத்தின் பெயரையும் ட்ராம் எண்ணையும் சொன்னேன். மாமா திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு வைத்தார். அவர் போனாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த நாள் கோபிசன் சாவியைத் தந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனான்.