ஒரு சிரட்டை கோழிச்சாறு

ராமையா சயாமிலிருந்து திரும்பி வந்துவிட்டான் என்ற செய்தி வந்தபோது ராக்காயி மரவள்ளிக் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அவள் மனத்தில் முதலில் எழுந்தது, ‘அவன் வந்தான், இவர் ஏன் வரவில்லை?’ என்ற கேள்வி.

ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்த நாளில், ராமையாவும் அவள் கணவன் குழந்தைவேலுவும் ஒரே லாரியில்தான் ரப்பர் தோட்டத்தை விட்டுப் போனார்கள். லயத்து வரிசைக் குடியிருப்பில் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர். அப்படியொரு கேள்வி எழுந்ததற்காக ராக்காயி வெட்கப்பட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு பார்க்கப் போனாள்.

சாக்கின்மேல் கிடந்தவனை ராமையா என்று நம்ப முடியவில்லை. இனிப் பிழைக்கமாட்டான் என்று அங்கே ஒதுக்கிப் போட்டிருப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள். எப்படியோ ஒரு சரக்கு ரயிலில் ஒளிந்து வந்து, பக்கத்துக் குருண் ஸ்டேஷனில் விழுந்து கிடந்திருக்கிறான். யாரோ ஒரு மலாய்க்காரர் மாட்டுவண்டியில் ஏற்றிவந்து தோட்டத்து வாசலில் இறக்கிவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். குழந்தைவேலுவைப் பற்றி ராக்காயி கேட்டாள். ராமையா கண்ணைத் திறந்து பார்த்தான். பேச்சு வரவில்லை.

தோட்டத்து மருந்துக்கொட்டகையில் வேலை பார்க்கும் மணியம் வந்து நாடி பிடித்தார். மருந்தென்று எதுவும் அவரிடம் இல்லை. கெட்டியாக எதையும் கொடுத்துவிடாதீர்கள் என்று மட்டும் எச்சரித்தார். முன்பு இப்படித் திரும்பி வந்த ஒருவன் பசி தாங்காமல் மரவள்ளியை வயிறு முட்டத் தின்று, விடிவதற்குள் இறந்துபோனது எல்லோருக்கும் தெரியும். “கோழி எலும்புச் சாறு கொடுத்தா உயிரு நிக்கும்,” என்றவர், சொன்ன பிறகு தலையைக் குனிந்துகொண்டார். கூடி நின்றவர்களும் தரையைப் பார்த்தார்கள். யாரும் ராக்காயியைப் பார்க்கவில்லை.

ஏனென்றால் தோட்டத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சேவல். அது ராக்காயியுடையது; இல்லை, முனியாண்டி சாமியுடையது. லாரி போன அன்றே அவள் அதன் காலில் மஞ்சள் துணி கட்டி, கணவன் திரும்பி வந்ததும் பலி கொடுப்பதாக நேர்ந்து, கோவில் மரத்தடியில் விட்டிருந்தாள். ஜப்பான் அதிகாரிக்கென்று வீடுவீடாகக் கோழி பிடித்தவர்கள்கூட அந்தத் துணியைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள். கறையான் புற்றை உடைத்துப் போட்டு அவள் அதை வளர்த்தாள். விடியற்காலையில் அது கூவினால், எங்கோ அவரும் கண் விழிக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள்.

ராமையாவின் மனைவி மருதம்மாள் அந்தச் சேவலைத் தரும்படி கேட்கவில்லை. தன் புருஷனுக்கு மரவள்ளி மாவைக் கரைத்து, வடிகட்டிக் கொடுத்துப் பார்த்தாள். அவன் அதையும் வாந்தி எடுத்தான். பலகைக்கு அந்தப் பக்கம் அவள் ஒவ்வொரு முறையும் தரையைத் துடைப்பது ராக்காயிக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை ராக்காயி ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீரோடு கோவில் மரத்தடிக்குப் போனாள். பலிக்கு முன் சேவலின் தலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். அது தலையைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். சிலுப்பாமல் எந்தச் சேவலையும் யாரும் தொட்டதில்லை.

அவள் தெளித்தாள். சேவல் அசையவில்லை. மறுபடியும் தெளித்தாள். கொண்டையிலிருந்து நீர் சொட்ட, அது ஒற்றைக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. செம்பு காலியாயிற்று.

ராக்காயி சாமிக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அழுது முடித்ததும், “கோவிச்சுக்கிறதுன்னா என்னைக் கோவிச்சுக்க சாமி. அவர விட்டுரு,” என்று சொல்லிவிட்டுச் சேவலை இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

சேவலைப் பார்த்து, அது சிலுப்பவில்லை என்பதையும் ராக்காயி சொல்லக் கேட்டதும், மருதம்மாள் அவள் வீட்டு வாசலை மறித்து நின்றாள்.

“வேணாங்கா. இத வாங்குனா உன் தாலிய நான் வாங்குன மாதிரி.”

“நீ வாங்கல. நான் குடுக்கிறேன்.”

“அண்ணன் வந்து நின்னா சாமிக்கு என்னாத்தக் குடுப்ப?”

“அவரு வரட்டும். அப்ப சாமி என்னையே கேக்கட்டும். தள்ளு, அடுப்பு மூட்டணும்.”

வயதான சேவல். அவ்வளவு சீக்கிரம் வேகாது. ராக்காயி எலும்புகளை அம்மியில் வைத்து நைத்தாள். மண்சட்டியில் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு, ரப்பர் விறகைப் பின்னுக்கு இழுத்துச் சிறு தீயாக வைத்தாள். கொதிக்க விட்டால் சாறு கலங்கிவிடும். மேலே திரண்ட நுரையை அகப்பையால் வழித்து வழித்து வெளியே ஊற்றினாள். மஞ்சள் இருந்தது. உப்பு, தஞ்சோங் டாவாய்க் கடற்கரை மீன்காரனிடம் மரவள்ளி கொடுத்து மாற்றியது, அடியில் கொஞ்சம் இருந்தது. நான்கு வீட்டுக்கு அப்பால் இருக்கும் பாப்பம்மா, எதற்கோ முடிந்து வைத்திருந்த மிளகை முந்தானையிலிருந்து அவிழ்த்துத் தந்துவிட்டு, எதுவும் கேட்காமல் போனாள். வாசனை லயம் முழுவதும் பரவியது. பசித்த பிள்ளைகள் வாசலில் வந்து நின்றன. யாரும் உள்ளே வரவில்லை.

பொழுது சாயும்போது சாறு பொன் நிறத்தில் தெளிந்திருந்தது. முதல் கரண்டியை முனியாண்டிக்கென்று ஒரு இலையில் வைத்துவிட்டு, ராக்காயி தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக்கொண்டு போனாள்.

மருதம்மாள் தலையைத் தாங்கிக்கொள்ள, ராமையா ஒரு வாய் குடித்தான். சூடும் மிளகும் தொண்டையில் இறங்கியதும் அவன் ஒருமுறை தலையைச் சிலுப்பினான். உடம்பு தோள்வரைக்கும் குலுங்கி அடங்கியது.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சாமி உத்தரவு குடுத்துட்டாருக்கா,” என்றாள் மருதம்மாள், மிக மெதுவாக.

சாறு வயிற்றில் நின்றது. மெல்ல மெல்லப் பாதிச் சிரட்டை குடித்தவன் கையால் அதைத் தடுத்தான். சிரட்டையைத் தன் வலப்பக்கம், வெறும் தரையில் நகர்த்தினான்.

“குடிங்க. உங்களுக்குத்தான்,” என்றாள் மருதம்மாள்.

அவன் தலையசைத்து மறுத்தான். வந்ததிலிருந்து முதல் முறையாகக் குரல் வந்தது.

“அண்ணனுக்கு.”

ராக்காயி குனிந்து காதைக் கொடுத்தாள். துண்டு துண்டாகத்தான் சொன்னான். கூடாரத்தில் குழந்தைவேலு இவனுக்கு வலப்பக்கம் படுப்பானாம். இவனுக்குக் கிடைப்பதில் பாதி அவனுக்கு, அவனுக்குக் கிடைப்பதில் பாதி இவனுக்கு. காய்ச்சலில் இவனுக்குக் கூலிச்சோறு நின்றுபோன பிறகும் குழந்தைவேலு தன் சோற்றில் பாதியை இந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டே இருந்தானாம். சரக்கு ரயில்வரை இவனைத் தூக்கிவந்து ஏற்றியதும் அவன்தான். அப்போது நடமாட்டமாகத்தான் இருந்தான். அதற்குமேல் ராமையாவுக்குத் தெரியாது.

ராக்காயிக்கும் அதற்குமேல் தெரியவில்லை. ஆனால் அத்தனை நாளும் இருட்டாகக் கிடந்த இடத்தில், ஒரு மனிதன் சோற்றை நகர்த்தி வைக்கும் கை தெரிந்தது. அது அவள் அறிந்த கை.

அவள் சிரட்டையை எடுத்து ஒரு மிடறு குடித்தாள்.

“அவரு பங்கை நான் வாங்கிட்டேன்,” என்றாள். “மிச்சம் உனக்காம். குடி தம்பி.”

ராமையா அவளைப் பார்த்தான். பிறகு கீழ்ப்படிந்து வாயைத் திறந்தான்.

சாறு தீர்ந்ததும் அவள் வீட்டுக்கு வந்து, எலும்புகளின்மேல் மறுபடியும் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினாள். நாளைக்கும் அவனுக்கு வேண்டுமே. வாசலில் நின்ற பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு ஆளுக்கொரு துணுக்குக் கறி கொடுத்தாள். பின்பு சேவலின் காலிலிருந்து அவிழ்த்த மஞ்சள் துணியைக் கசக்கிப் பிழிந்து, வடக்கே சயாம் பக்கம் திறக்கும் சன்னல் கம்பியில் கட்டினாள்.

விடியற்காலையில் எதுவும் கூவவில்லை. ஆனாலும் ராக்காயி வழக்கமான நேரத்தில் கண் விழித்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் ராமையா இருமிவிட்டுத் தண்ணீர் கேட்டான். அதைக் கேட்டபடியே எழுந்து அடுப்பை ஊதினாள்.