ஒன்பதாம் நம்பர் காற்றாலை

அகமது மீரானோடு வாய் கொடுத்து ஜெயித்தவன் ஆத்திவிளையில் ஒருத்தன் கிடையாது. மேலப்பாளையத்துக்காரன், பாலிடெக்னிக்கில் படித்தவன், வயது முப்பது. திசையன்விளைக்கு மேற்கே செம்மண் காட்டில் பன்னிரண்டு காற்றாலைகளை நட்டு வைத்திருந்த ஒரு கம்பெனிக்கு அவன்தான் ஆபரேட்டர். சம்பளத்துக்காக அந்த வேலையைப் பார்த்தான் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அவனுக்கு அந்த ராட்சத றெக்கைகள் மேல் ஒரு கிறுக்கு. நிலக்கரி தீர்ந்துபோகும், பெட்ரோல் தீர்ந்துபோகும், இன்னும் முப்பது வருஷத்தில் உலகம் காற்றிலும் வெயிலிலும்தான் ஓடும் என்று டீக்கடை பெஞ்சைத் தட்டித் தட்டிச் சொல்வான். எதிர்த்துப் பேசுகிறவன் பாதி டீயோடு எழுந்து போய்விடுவான்.

விடாமல் மல்லுக்கு நின்றவர் தேவசிகாமணி ஒருத்தர்தான். நாலு ஏக்கர் முருங்கைத் தோட்டக்காரர். மீரான் குடியிருந்தது அவர் வீட்டு மாடியறையில். சாப்பிட்டது அவர் மனைவி சுடலைவடிவு கையால். மூன்று வருஷமாக ஒரே பாயில் உட்கார்ந்து தின்றுகொண்டே இருவரும் கத்துவார்கள். "சோத்தைத் தின்னுட்டுக் கத்துங்க, ரெண்டு கோட்டிக்காரனுக்கும் பொங்கிப் போட்டே என் சீவன் போவுது" என்று சுடலைவடிவு கரண்டியை ஓங்குவாள்.

அந்த மூன்று வருஷமும் மழை இல்லை. காற்றாலைகள் வந்ததும் மூன்று வருஷத்துக்கு முன்னால்தான். ஊர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஆனி கடைசியில் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். காற்றாலை இருக்கட்டுமா, போகட்டுமா என்பதுதான் பேச்சு. மெட்ராஸிலிருந்து கம்பெனி மேனேஜர் ஸ்ரீசரண் வந்து, நாற்காலியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தான். மைக்கைப் பிடித்தது மீரான்.

தேவசிகாமணி எழுந்தார். "லே மீரான், நான் படிக்காதவன். கண்ணால கண்டதைக் கேக்கேன். மேக்க இருந்து மேகம் கருக்கிட்டு வருது. உன் றெக்கைகிட்ட வந்ததும் பஞ்சாப் பறந்து போவுது. ஃபேனைப் போட்டா அடுப்புப் புகை கலையுதா, இல்லையா?"

கூட்டம் கைதட்டியது.

"அண்ணாச்சி, ஃபேன் கரண்ட்டைத் தின்னுட்டுக் காத்தைக் கக்குது. இது காத்தைத் தின்னுட்டுக் கரண்ட்டைக் கக்குது. ரெண்டும் நேர் எதிர். என் கோபுரம் நூறடி. மேகம் ஆயிரக்கணக்கான அடி. கொசு ஊதி யானை பறக்குமா?"

இதற்கும் கைதட்டினார்கள். நம் ஜனம் நல்ல பேச்சுக்குக் கைதட்டாமல் இருக்காது.

"செரி, காத்து நின்னா?" என்றார் தேவசிகாமணி. "ஐப்பசியில நின்னுபோவும். அப்புறம் ஆறு மாசம் உன் வருங்காலம் வாயைப் பொளந்துட்டு நிக்குமா?"

"இன்னைக்கு நிக்கும். நாளைக்கு வீடு கணக்கா பெருசா பேட்டரி செய்வான். ஆடியில பிடிச்ச கரண்ட்டை மாசியில எடுப்பான்."

"அந்தக் கரண்ட்டு எவன் வீட்டுக்கு? என் மோட்டாருக்கு மூணு மணி நேரந்தான் வருது. காத்து எங்க காத்து, மண்ணு எங்க மண்ணு, வெளிச்சம் மட்டும் மெட்ராஸுக்கா?"

மீரான் மைக்கைத் தட்டிப் பார்த்தான். அந்த நேரம் பெண்கள் பக்கத்திலிருந்து சுடலைவடிவு எழுந்தாள். ஒன்பதாம் நம்பர் காற்றாலை அவள் தோட்டத்து வேலியை ஒட்டி நின்றது. அவள் தினமும் அதற்குக் கீழேதான் முருங்கை பறித்தாள்.

"மழை கதையை விடு தம்பி. அந்த றெக்கை பிய்ஞ்சு விழுந்தா யாரு தலையில விழும்?"

அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். ஒன்பதாம் நம்பரின் பிரேக் தேய்ந்துபோய் ஆறு மாசம் ஆகியிருந்தது. கரண்ட் லைனோடு சேர்ந்திருக்கிறவரை அந்த இயந்திரத்துக்கு லைன்தான் கடிவாளம். எவ்வளவு காற்றடித்தாலும் ஒரே வேகத்தில் சுற்றும். கரண்ட் போய்விட்டால் கடிவாளம் போச்சு, பிரேக்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். போன வாரம் கரண்ட் போனபோது றெக்கை நிற்கப் பதினோரு நிமிஷம் பிடித்தது. உச்சியிலிருந்து புகை வந்தது. மூன்று லெட்டர் எழுதியிருந்தான். காற்று சீசன் முடியட்டும் பார்க்கலாம் என்று ஸ்ரீசரண் சொல்லிவிட்டான்.

மீரான் ஸ்ரீசரணைப் பார்த்தான். அவன் சொல்லாதே என்று மெதுவாகத் தலையை ஆட்டினான். ஆனால் அவனுக்குப் பயந்து மீரான் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பிரேக்குக்காக இத்தனை பெரிய வருங்காலத்தைத் தோற்கக் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. ஜெயிக்கிற வாய் அது, தோற்றுப் பழக்கமில்லை.

"விழாது மதினி! ஒரு ஆபத்தும் கிடையாது. அதுக்குக் கீழ தொட்டில் கட்டிப் பச்சப்பிள்ளையைப் போடலாம்."

கூட்டம் அவன் பக்கம் சாய்ந்தது. பதினைந்து நாளைக்குத்தான்.

ஆடி பிறந்தது. ஒரு நாள் காலையில் மேற்கே கன்னங்கரேலென்று மேகம் கட்டியது. ஊரே வாசலில் நின்று பார்த்தது. பத்து மணிக்கு நாலு சொட்டு விழுந்தது. பதினொன்றுக்கு வானம் துடைத்துப்போட்ட மாதிரி வெளுத்துவிட்டது. தேவசிகாமணியின் கிணற்றில் அன்றைக்கு மோட்டார் சேற்றைத்தான் உறிஞ்சியது. அவர் கோடாலியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பின்னால் நாற்பது பேர் சேர்ந்தார்கள், அரிவாளும் கடப்பாரையுமாக.

காற்றாலை வாட்ச்மேன் அவர்களைக் கண்டதுமே வேலி தாண்டி ஓடிவிட்டான். மீரான் மட்டும் ஒன்பதாம் நம்பருக்கான டிரான்ஸ்பார்மர் கம்பத்துக்கு முன்னால் கையை விரித்து நின்றான். ஆடிக்காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. தலைக்கு மேலே மூன்று றெக்கைகளும் விஸ் விஸ்ஸென்று இறங்கி ஏறின.

"நிறுத்துலே அந்த எளவை!" என்று ஒருத்தன் கத்தினான்.

"இந்தக் காத்துல நிறுத்த முடியாது. பொழுது அடையட்டும், காத்து அடங்கட்டும், நானே நிறுத்துதேன். அல்லா மேல சத்தியம்."

"கேட்டியளா! சுவிட்சைப் போட்டு நிறுத்த இவனுக்குப் பொழுது அடையணுமாம்!"

கம்பத்தில் இடுப்புயரத்தில் நீளமான இரும்புக் கைப்பிடி, பூட்டுப் போட்டது. அதைக் கீழே இழுத்தால் கரண்ட் போகும் என்று மோட்டார் வைத்திருக்கிற ஒவ்வொரு சம்சாரிக்கும் தெரியும். கரண்ட் போனால் ஃபேன் நிற்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆக, ஊரே சேர்ந்து ஒரு முடிவோடுதான் வந்திருந்தது.

"இழுக்காதீங்க! கரண்ட் போனா நிக்காது, வேகம் கூடும்! றெக்கை பிய்ச்சுக்கிட்டுப் போவும், அத்தனை பேரும் செத்துப்போவிய!"

தேவசிகாமணி சிரித்தார். அந்தச் சிரிப்பில் விஷம் இருந்தது. "ஒரு ஆபத்தும் இல்லன்னு மைக்குல சொன்னது யாருலே? தொட்டில் கட்டுன்னு எம் பொண்டாட்டிகிட்டச் சொன்னது யாருலே? அன்னைக்குப் பொய் சொன்னியா, இன்னைக்குப் பொய் சொல்லுதியா?"

"அண்ணாச்சி..."

முதல் அடி பின்மண்டையில் விழுந்தது. யார் அடித்தார்கள் என்று அவன் பார்க்கவில்லை. கீழே விழுந்தவனை நாலைந்து பேர் மிதித்தார்கள். விலாவில் ஒரு எலும்பு முறிந்தது, அவனுக்கே கேட்டது. வாயில் மண்ணும் ரத்தமும். கடப்பாரைக் கம்பால் ஒருத்தன் முழங்காலில் போட்டான். "வாயைப் பாரு வாயை, கிழிலே அதை!" என்றான் இன்னொருத்தன். மீரான் தவழ்ந்து போய்க் கம்பத்தைக் கட்டிப்பிடித்து, வலது கையால் அந்தப் பூட்டைப் பொத்திக்கொண்டான்.

"கையை எடு," என்றார் தேவசிகாமணி.

"மாட்டேன்."

"எடுலே, மூதி!"

அவர் கோடாலியை ஓங்கினார். எடுத்துவிடுவான் என்றுதான் நினைத்தார். மீரான் எடுக்கவில்லை. பூட்டும் உடைந்தது, இரண்டு விரலும் மண்ணில் விழுந்தன.

அவன் அலறல் காற்றில் போனது. யாரோ தாவிக் கைப்பிடியை இழுத்தார்கள். டிரான்ஸ்பார்மர் உறுமல் நின்றது. நாற்பது பேரும் ஒரே குரலில் ஆரவாரம் செய்தார்கள், துண்டைச் சுழற்றி ஆடினார்கள்.

தேவசிகாமணி ஆடவில்லை. கோடாலி கையிலிருந்து நழுவிவிட்டது. "எய்யா... எய்யா... என்ன செஞ்சுபோட்டேன்" என்று மீரான் பக்கத்தில் மண்டியிட்டு, தலைத்துண்டை உருவி அவன் கையைச் சுற்றினார்.

மேலே சத்தம் மாறியது. பிரேக் கவ்வியபோது கிறீச்சென்று ஒரு கத்தல், புகை, அப்புறம் கத்தலும் இல்லை. விஸ் விஸ்ஸென்ற சத்தம் ஒரே ஊளையாகிவிட்டது. "பைய நிக்கும்வே, ஃபேனும் இப்படித்தானே" என்று அண்ணாந்து பார்த்துச் சொன்னான் ஒருத்தன். கோபுரம் அடியிலிருந்து அதிர ஆரம்பித்தது.

"ஓடுங்க! ஓடுங்க!" மீரான் கத்தினான். ஒருத்தன் அவன் மேல் காறித் துப்பினான். உண்மையைச் சொல்லி இவர்களை அசைக்க முடியாது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. மேற்கைப் பார்த்துச் சுற்றுகிற றெக்கை பிய்ந்தால் வடக்கேயோ தெற்கேயோதான் பறக்கும். காற்று வருகிற மேற்குத் திசைதான் தப்பு வழி. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "போலீசு! கெழக்க ரோட்டுல ரெண்டு வேன்! துப்பாக்கியோட வருதான்!" என்று அலறினான்.

அதை நம்பினார்கள். அரிவாளைப் போட்டுவிட்டு நாற்பது பேரும் மேற்கே தெறித்து ஓடினார்கள்.

தேவசிகாமணி மட்டும் நகரவில்லை. துண்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஓடுங்க!"

"வரட்டும். வெட்டினவன் நான்தான்னு சொல்லுதேன். ரத்தம் நிக்கட்டும் மொதல்ல."

"போலீசும் வரல, ஒண்ணும் வரல. பொய் சொன்னேன். பிரேக்கு தேஞ்சு கிடக்கு அண்ணாச்சி, நெசமாவே பிய்யப் போவுது. ஆறு மாசமா எனக்குத் தெரியும். அன்னைக்கு மைக்குல மறைச்சிட்டேன்."

அவர் கை நின்றது. அவன் முகத்தையே பார்த்தார். பிறகு பளாரென்று ஓர் அறை விட்டார், மீரானுக்குக் கண் இருட்டிப்போயிற்று. அடுத்த கணம் அவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மேற்கே ஓடினார். ஐம்பது வயது மனுஷன், முள்ளில் வெறுங்காலோடு ஓடினார்.

இருபது தப்படி ஓடியிருப்பார். வெடி வைத்த மாதிரி சத்தம். முதல் றெக்கை தெற்கே பறந்து நாலு பனைகளை நடுவில் வெட்டிக்கொண்டு போனது. மிச்ச இரண்டும் பாரம் தாங்காமல் உதற, கோபுரம் மடங்கியது. சிதறிய துண்டு ஒன்று தரையோடு தரையாக வந்து தேவசிகாமணியை முதுகில் அடித்தது. அவர் மீரானை முன்னால் எறிந்தாரா, அவன் தானே விழுந்தானா, தெரியவில்லை. அவன் புரண்டு பார்த்தபோது அவருக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. கண் மட்டும் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

மூன்றாம் நாள், பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரி. காலையில் ஸ்ரீசரண் ஆப்பிள் பையோடு வந்தான். "பேப்பர்ல உன் பேரு வந்திருக்கு, பார்த்தியா? உயிரைக் கொடுத்து மெஷினைக் காப்பாத்தப் பார்த்த ஊழியர்னு. முப்பத்தெட்டு பேரை உள்ள வச்சாச்சு, ரெண்டு பேர் தலைமறைவு, கொலைக் கேஸ். பிரேக் விஷயம் நமக்குள்ள இருக்கட்டும். நீ எழுதின லெட்டர் எதுவும் ஆபீசுல இல்ல."

பிரேக் விஷயம் தெரிந்த இன்னொரு மனுஷன் தேவசிகாமணி, அவரும் மண்ணுக்குள் போய்விட்டார். வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தால் போதும், வேலையும் இருக்கும், பேரும் இருக்கும்.

மத்தியானம் சுடலைவடிவு வந்தாள். வெறுங்கழுத்து. கையில் தூக்குவாளி. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவன் கட்டுப்போட்ட கையைத் தொட்டாள். தொட்டதும் உடைந்து அழுதாள்.

"அவரு கையால இப்படி ஆகிப்போச்சே தம்பி. உனக்குப் பொங்கிப்போட்ட வீட்டுக்காரன் உன் விரலை வெட்டிட்டுப் போயிட்டாரே. அந்தப் பாவத்தோட அவரு அலையக் கூடாது. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. உன் காலைப் பிடிக்கேன்."

நெசமாகவே காலைப் பிடித்தாள். மீரானுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யா ரப்பே, இதைவிட அந்த றெக்கைத் துண்டு என் மேலேயே விழுந்திருக்கக் கூடாதா?

"கையை எடுங்க மதினி. அது பழுதுன்னு எனக்குத் தெரியும். ஆறு மாசமாத் தெரியும். நீங்க கேட்டப்ப உங்க மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்னேன்."

அவள் அழுகை நின்றது. "அவருக்குத் தெரியுமா?"

"கடைசியில சொன்னேன். அறைஞ்சாரு. பெறவு என்னியத் தூக்கிட்டு ஓடினாரு. விட்டுட்டு ஓடியிருந்தா பொழைச்சிருப்பாரு."

சுடலைவடிவு தூக்குவாளியை எடுத்தாள். முதல் அடி நெற்றியில், இரண்டாவது காதில். கஞ்சி சுவரெல்லாம் தெறித்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் கத்தினார்கள். மீரான் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அவள் மூச்சு வாங்கும்வரை அடித்தாள். பிறகு அவன் நல்ல கையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரி."

"எங்க மதினி?"

"ஸ்டேசனுக்கு. முப்பத்தெட்டு குடும்பம் தெருவுல நிக்குது. எங்கிட்டச் சொன்னதை அங்கன வந்து சொல்லு. அழுவுறதும் மன்னிக்கிறதும் பெறவு பாத்துக்கிடலாம்."

சொட்டு மருந்து ஊசி பிய்ந்து, ஸ்டாண்டு சாய்ந்து, பாட்டில் உடைந்தது. நர்ஸ் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். முழங்கால் மடங்க மடங்க, நெற்றி ரத்தம் கண்ணில் இறங்க, மீரான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வார்டைத் தாண்டி வெயிலில் இறங்கினான்.