மின்கம்பியில் வந்த இரைச்சல்

கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற அவரைத் தெருவில் எல்லோரும் ‘கப்பல்காரர்’ என்றார்கள். மனைவி இறந்த பிறகு அவர் மனம்விட்டுப் பேசியது ஒரே ஒருவரிடம்தான். கடல் கடந்த ஒரு துறைமுக ஊரில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் அந்த நண்பர். பதினோரு வருடமாக, தினமும் மாலை நான்கு மணிக்கு, இருவரும் அவரவர் வீட்டிலிருந்த, கேட்கவும் பேசவும் முடிகிற ஹாம் ரேடியோவில் பேசிக்கொள்வார்கள். நேரில் பார்த்ததில்லை. முகவரி வாங்கிவைக்கவும் தோன்றியதில்லை. நாளைக்கும் நான்கு மணி வரும் என்ற தைரியம்.

ஒருநாள் அந்தத் தெருவுக்கு மின்கம்பி வழியாகவே இன்டர்நெட் வந்தது. மோடத்தை பிளக்கில் செருகினால் போதும், நெட் ரெடி. அக்கம்பக்கத்தில் ஒரே குஷி. கப்பல்காரரின் ரேடியோவில் மட்டும் ஓயாத இரைச்சல். நண்பரின் குரல் அதில் மூழ்கிப்போனது. பதில் எதுவும் கேட்காததால் இவரும் அழைப்பதை விட்டுவிட்டார்.

ஐந்து மாதம் புகார் எழுதினார். ஒருவழியாக ஒரு டெக்னீஷியன் பெண் வந்தாள்.

“எல்லாரும் நெட் வரலன்னுதான் கூப்பிடுவாங்க சார். வந்ததுதான் பிரச்சனைன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்.”

ஹெட்போனை வாங்கிக் கேட்டதும் அவள் சிரிப்பு நின்றது.

“தப்பு எங்க மேலதான் சார். நீங்க பேசுற அலைவரிசையிலயே எங்க சிக்னலும் ஓடுது. அந்த இடத்தை மட்டும் விட்டுட்டு ஓட வெச்சிடலாம்.”

லேப்டாப்பில் எதையோ மாற்றினாள். சட்டென்று இரைச்சல் அறுந்தது.

“இவ்வளவுதானா? பத்து நிமிஷ வேலையாம்மா?”

“ஆமா சார்,” என்றாள், தலை நிமிராமல்.

நான்கு மணி. அவர் நண்பரை அழைத்தார். பதில் இல்லை. மறுபடி அழைத்தார். மூன்றாம் முறை ஒரு குரல் வந்தது. அதே ஊர்க்காரர், ஆனால் வேறு ஆள். அவரிடம் விசாரித்துவிட்டு மெல்ல ஹெட்போனைக் கழற்றினார்.

“நான் போய்ச் சேந்துட்டேன்னு நெனச்சுட்டாராம்மா. மூணு மாசம் தினமும் கூப்பிட்டுப் பாத்திருக்கார். அப்புறம் ரேடியோவை யாருக்கோ குடுத்துட்டு மக வீட்டோட போயிட்டாராம். எந்த ஊருன்னு இவருக்குத் தெரியல.”

“விசாரிக்கச் சொன்னீங்களா சார்?”

“சொல்லியிருக்கேன்.” ஹெட்போனை ரேடியோவின் மேல் வைத்தார். “இரைச்சல் இருந்த வரைக்கும், அதுக்குப் பின்னால அவர் பேசிக்கிட்டிருக்கார்னு ஒரு நெனப்பு இருந்துச்சு.”

அடுத்த புகாருக்கு நேரமாகியிருந்தது, ஆனாலும் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவரே கை நீட்டி அவளுடைய படிவத்தை வாங்கி, ‘கோளாறு சரிசெய்யப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.